மீட்கப்பட்ட விலங்குகளின் பூங்காவுக்கு வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மீட்கப்பட்ட காட்டு விலங்குகளைப் பராமரிக்கும் சிறிய பூங்கா ஒன்றில் பார்வையாளர்களுக்கு வழிகாட்டும் பணியைச் செய்துவருகிறேன். உள்ளே நுழையும்போது கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. சுற்றிப் பார்த்து முடித்து வெளியேறும்போது கேட்கப்படுபவை வேறு வகை. அவற்றில் வருத்தமும் சில சமயம் கோபமும் கலந்திருக்கும். இரண்டையும் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இத்தகைய பூங்காக்கள் பல நாடுகளிலும் இருக்கின்றன. அளவிலும் விதிகளிலும் அவை வேறுபட்டாலும், நன்றாக நடத்தப்படும் இடங்களில் விலங்கின் வசதி முதலில், பார்வையாளரின் வசதி அதற்குப் பிறகு என்ற வரிசை மாறுவதில்லை. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த வரிசையிலிருந்து பிறந்தவைதாம்.

மிருகக்காட்சி சாலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இங்கேயும் கூண்டுதானே இருக்கிறது?

கூண்டு இரண்டிலும் இருக்கிறது. விலங்கு அதற்குள் வந்த காரணம் வேறு. உயிரியல் பூங்கா எந்தெந்த இனங்களை வைத்துக்கொள்வது என்று திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்கிறது, பிற பூங்காக்களுடன் விலங்குகளைப் பரிமாறிக்கொள்கிறது, பல இனங்களைப் பெருகவும் வைக்கிறது. மீட்புப் பூங்காவுக்கு அந்தத் தேர்வு கிடையாது. பறிமுதல் செய்யப்பட்டவை, கைவிடப்பட்டவை, அடிபட்டவை எவையோ அவையே அங்கே இருக்கும். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி என்று வரிசையாகப் பார்க்கலாம் என எண்ணி வருபவர்கள், ஒரு கால் இழந்த நரியையும் பறக்க முடியாத பருந்துகளையும் ஓடு உடைந்த ஆமைகளையும் பார்த்து ஏமாற்றமடையக்கூடும்.

விலங்குகளை விலைக்கு வாங்காமலும் விற்காமலும், காட்சிக்காகக் குட்டி ஈனச் செய்யாமலும், பொதுமக்களைத் தொடவிடாமலும் இருப்பதே உண்மையான மீட்பு மையத்தின் அடையாளம். 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விலங்குச் சரணாலயங்களின் உலகக் கூட்டமைப்பு, அங்கீகாரம் வழங்கும்போது முக்கியமாகப் பார்ப்பவையும் இவையே.

இந்த விலங்குகளெல்லாம் எங்கிருந்து வந்தன?

பல வழிகளில். சாலையில் வாகனம் மோதியவை, மின்கம்பியில் சிக்கியவை, வேட்டைக்காரர்களின் கண்ணியில் காலை இழந்தவை ஒரு பக்கம். கடத்தல்காரர்களிடமிருந்து கைப்பற்றப்பட்டவை இன்னொரு பக்கம். அருகிவரும் இனங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975 முதல் நடைமுறையில் இருந்தும், கிளிகளும் ஆமைகளும் குரங்குகளும் பெட்டிகளில் அடைக்கப்பட்டு எல்லை கடப்பது நின்றபாடில்லை. மூன்றாவதாக, மனிதரின் பொழுதுபோக்குக்குப் பயன்பட்டுத் தேய்ந்தவை: சர்க்கஸ் சிங்கங்கள், தெருவில் ஆட வைக்கப்பட்ட கரடிகள், செல்லப் பிராணியாக வாங்கப்பட்டு வளர்ந்ததும் வேண்டாதவையாகிப்போனவை.

தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் தேவாங்கு இனம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். அதன் முழங்கைக்கு அருகே ஊறும் சுரப்பு எச்சிலுடன் கலக்கும்போது நஞ்சாகிறது. வாங்குபவரைக் கடித்துவிடக்கூடாது என்பதற்காக, வியாபாரிகள் மயக்க மருந்துகூடக் கொடுக்காமல் அதன் முன்பற்களை நறுக்கிவிடுகின்றனர். ஈறு அழுகிச் செத்தவை போக எஞ்சியவையே மீட்பு மையங்களை வந்தடைகின்றன. யாராவது கிச்சுகிச்சு மூட்டும்போது அது கைகளைத் தலைக்கு மேல் தூக்குவதைப் பார்த்து மகிழ்ச்சி என்று நினைக்கிறார்கள். அந்தச் சுரப்பை வாய்க்கு எட்டும் தூரத்தில் கொண்டுவந்து தன்னைக் காத்துக்கொள்ள முயலும் நிலை அது.

எங்கள் பூங்காவில் ஒரு பெண் சிறுத்தை இருக்கிறது. குட்டியாக இருந்தபோது எலும்பில்லாத இறைச்சியை மட்டுமே கொடுத்து வளர்த்ததால், சுண்ணாம்புச் சத்துக் குறைந்து அதன் முன்னங்கால்கள் வளைந்துவிட்டன. கீறாமலிருக்க நகங்களையும் எடுத்திருந்தார்கள். நகம் எடுப்பது என்றால் விரலின் கடைசி எலும்பையே வெட்டி அகற்றுவது. மேடையிலிருந்து இறங்க வேண்டுமானால் அது மற்றச் சிறுத்தைகளைப் போலக் குதிக்காது. உடலைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு பின்காலை நீட்டித் தரையைத் தேடி, அது பட்ட பிறகே மற்றக் கால்களை இறக்கும். அதற்காகவே அங்கே ஒரு சாய்வுப் பலகை வைக்கப்பட்டிருக்கிறது. பலர் அதைக் குட்டிகள் சறுக்கி விளையாடும் பலகை என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள்.

எந்த நேரத்தில் வந்தால் நன்றாகப் பார்க்கலாம்?

திறந்தவுடன் உள்ள முதல் மணி நேரமும் மூடுவதற்கு முந்தைய மணி நேரமும் நல்லவை. பல பாலூட்டிகள் விடியலிலும் அந்தியிலும் நடமாடுபவை. உச்சி வெயிலில் அவை உறங்கும். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்வரைகூடப் படுத்தே கிடக்கும். மழை தூறி ஓய்ந்த வேளையும் நன்று. விடுமுறை நாட்களின் நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள்.

கட்டணம் கொடுத்து வந்தோம். பாதிக் கூண்டுகளில் ஒன்றையும் காணோமே?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலும் விலங்கு உள்ளேதான் இருக்கிறது. உங்கள் கண்ணுக்குத் தென்படாத இடத்தில் இருக்கிறது. ஒவ்வோர் அடைப்பிலும் புதர், குகை, மரப்பெட்டி, பின்புற அறை என ஒளிந்துகொள்ளும் இடங்களை நாங்கள் வேண்டுமென்றே அமைக்கிறோம். ஒளிய ஒரு பெட்டி கொடுக்கப்பட்ட பூனைகள், காப்பகத்தின் புதிய சூழலுக்கு மற்றவற்றைவிட விரைவில் பழகுகின்றன என்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. வாழ்நாள் முழுவதும் வெளிச்சத்திலும் கூட்டத்தின் நடுவிலும் நிறுத்தப்பட்ட ஒரு விலங்குக்கு, யாரும் தன்னைப் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது என்பதே பெரிய சிகிச்சை. அந்த இடத்தை விட்டு வெளியே வருவதா என்பதை அதுவே தீர்மானிக்கும். குச்சியால் தட்டியோ உணவைக் காட்டியோ அதை வெளியே வரவழைக்கும்படி எங்கள் பணியாளர்களிடம் கேட்காதீர்கள். எந்தக் கூண்டிலும் ஒளிய மறைவே இல்லாமல், எல்லா விலங்குகளும் எல்லா நேரமும் கண்முன் நிற்கும் பூங்காவைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒரே அடைப்பின் முன் பேசாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். நடுவில் பார்க்காமல் ஓரங்களையும் நிழல்களையும் பாருங்கள். முழு உடலைத் தேடினால் கிடைக்காது. காது ஒன்று துடிப்பதோ வால் நுனி அசைவதோதான் முதலில் தெரியும். இருபது கூண்டுகளை விரைந்து கடப்பவரைவிட, மூன்று கூண்டுகளின் முன் நின்றவர்களே அதிகம் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

வாழைப்பழம் மட்டும் கொடுக்கலாமா? பழம்தானே, கெடுதல் இல்லையே?

கொடுக்கக்கூடாது. மனிதர் பயிரிடும் பழங்கள் இனிப்புக்காகவே பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. காட்டுப் பழங்களில் இவ்வளவு சர்க்கரை கிடையாது, நார்ச்சத்து அதிகம். இங்கிலாந்தில் உள்ள பெய்ன்டன் உயிரியல் பூங்கா, பல்சிதைவையும் சர்க்கரை நோய் அபாயத்தையும் கருதித் தன் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பதையே நிறுத்திவிட்டதாக 2014இல் அறிவித்தது. பிஸ்கட், ரொட்டி, நொறுக்குத் தீனி பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றுவதில்லை. மீட்கப்பட்ட விலங்குகளில் பல மருந்து உட்கொள்பவை. சில, அறுவைச் சிகிச்சைக்காக வெறும் வயிற்றுடன் வைக்கப்பட்டிருக்கும். மயக்க மருந்து செலுத்தும்போது வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழலுக்குள் போனால் அந்த விலங்கு இறந்துவிடலாம். கம்பிக்கு அப்பால் இருப்பது எந்த நிலையில் இருக்கும் விலங்கு என்பது வெளியே நிற்பவருக்குத் தெரிய வழியில்லை.

சிறு குழந்தைகளை அழைத்து வரலாமா?

தாராளமாக அழைத்து வாருங்கள். ஓடக்கூடாது, கத்தக்கூடாது, கண்ணாடியைத் தட்டக்கூடாது என்பதை வீட்டிலேயே சொல்லி அழைத்து வந்தால் நல்லது. ஓடும் சிறு உருவத்தைக் கண்டால் பெரிய பூனையினங்கள் இரையாகவே பார்க்கும். அந்தக் குழந்தைக்கு ஆபத்து இல்லாவிட்டாலும் விலங்கு வேலியில் மோதிக் காயப்படும். தடுப்புக் கம்பிகளின் மீது குழந்தையைத் தூக்கி உட்கார வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

காயங்களைப் பார்த்துக் குழந்தைகள் கேள்வி கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். பெரியவர்களைவிட அவர்கள் அதை நேராக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன்.

செல்பேசியில் படம் எடுக்கலாமா?

ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். இரவில் நடமாடும் விலங்குகளின் விழிகள் மங்கிய ஒளிக்கென்றே அமைந்தவை. திடீர் வெளிச்சம் அவற்றைத் திகைக்க வைக்கும். செல்ஃபி குச்சி, ட்ரோன் இரண்டுக்கும் அனுமதி இல்லை.

லேசான சளிதான். வந்தால் என்ன?

வேறொரு நாள் வாருங்கள். விலங்கிடமிருந்து நமக்கு நோய் வருமோ என்று அஞ்சுபவர்கள், நம்மிடமிருந்து அவற்றுக்குப் போகும் என்பதை எண்ணுவதில்லை. 2020 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் ஒரு புலிக்குக் கொரோனாத் தொற்று உறுதியானது; அறிகுறி எதுவுமில்லாத பராமரிப்பாளர் ஒருவரிடமிருந்து அது பரவியதாகக் கருதப்பட்டது. நம் உதட்டோரம் வரும் சாதாரணக் கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்ப்பிஸ் கிருமி, மார்மோசெட் என்னும் சிறு குரங்குகளைக் கொன்றுவிடக்கூடியது. மனிதக் காசநோய் யானைகளுக்கும் தொற்றும். பட்டினியாலும் பயத்தாலும் நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்து வந்த விலங்குகள் இங்கே இருப்பதால், இந்த விதியில் நாங்கள் எவருக்கும் விலக்கு அளிப்பதில்லை.

குரங்கு என்னைப் பார்த்துச் சிரித்தது. பழகிவிட்டது என்றுதானே பொருள்?

உதட்டை இழுத்துப் பற்களைக் காட்டியிருந்தால், பெரும்பாலான குரங்கினங்களில் அது அச்சத்தின் அல்லது பணிவின் அடையாளம். பதிலுக்கு நீங்கள் பல்லைக் காட்டிக் கண்ணோடு கண் நோக்கியிருந்தால், உற்றுப் பார்ப்பது அவற்றுக்கு மிரட்டல் என்பதால், நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். பார்வையைத் தாழ்த்திக்கொண்டு இரண்டடி பின்னால் நகருங்கள். குரங்கு வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுவதும் பல நேரங்களில் தூக்கத்தால் அன்று, பதற்றத்தால்.

கரடி ஒரே இடத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் சரியாகக் கவனிக்கவில்லையா?

இப்படிக் கேட்பவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் அவர்கள் உற்றுப் பார்த்திருக்கிறார்கள். தலையை ஆட்டுவது, எட்டு வடிவில் நடப்பது, கம்பியை நக்கிக்கொண்டே இருப்பது ஆகியவை நெடுங்காலம் குறுகிய இடத்தில் அடைபட்ட விலங்குகளிடம் தோன்றும் பழக்கங்கள். ஆட வைக்கப்பட்ட கரடிகளுக்குக் குட்டியாக இருக்கும்போதே மூக்கின் மேற்புறத்தில் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் துளையிட்டுக் கயிறு கோத்திருப்பார்கள். கோரைப் பற்களையும் உடைத்திருப்பார்கள். கயிறு அறுக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும், உணவு வாளியின் ஓசை கேட்டவுடன் தலை தானாக ஆடத் தொடங்குவதைப் பார்க்கலாம். நல்ல சூழலுக்கு வந்ததும் இப்பழக்கம் குறைகிறது, சிலவற்றில் மறைந்தும் விடுகிறது. சிலவற்றில் இறுதிவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எனவே ஒரு முறை பார்த்து முடிவுக்கு வர இயலாது. அந்தக் கரடி நாளில் எவ்வளவு நேரம் ஆடுகிறது, சென்ற ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்று பராமரிப்பாளரிடம் கேளுங்கள். குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கும் இடமாக இருந்தால் உடனே பதில் வரும். தேனைக் கட்டைப் பொந்துகளில் தடவி வைப்பது, பழங்களைப் பனிக்கட்டிக்குள் உறைய வைத்துக் கொடுப்பது, வாசனைப் பொருள்களை வெவ்வேறு மூலைகளில் தூவுவது போன்றவற்றால், உணவைத் தேடும் வேலையை அதற்குத் திருப்பிக் கொடுக்க முயல்கிறோம்.

உடம்பு தேறிவிட்டதே, ஏன் இன்னும் காட்டில் விடவில்லை?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்: திரும்பிப் போகக்கூடிய விலங்குகளை நீங்கள் பார்ப்பதே இல்லை. அவை பார்வையாளர் பாதைக்கு வெகு தொலைவில், மனிதக் குரல் கேட்காத பகுதியில் வைக்கப்படுகின்றன; அவை மனிதருக்குப் பழகிவிடாமலிருக்கப் பராமரிப்பாளர்கள்கூட அங்கே பேசுவதில்லை. கலிஃபோர்னியாவில் அழிவின் விளிம்புக்குப் போன காண்டார் பெருங்கழுகின் குஞ்சுகளை வளர்த்தவர்கள், மனித முகம் தெரியாதபடி, கழுகுத் தலை வடிவிலான கைப்பாவையால் உணவூட்டியது இதே காரணத்துக்காகத்தான். நீங்கள் பாதையோரம் பார்ப்பவை, தேர்வு முடிந்து, போக இயலாது என்று முடிவான விலங்குகள்.

போக இயலாததற்குக் காரணங்கள் பல. பல் இல்லாத தேவாங்கால் மரப்பட்டையைக் கடித்துப் பிசின் எடுக்க முடியாது. ஒரு கண் போன பருந்தால் தூரத்தை மதிப்பிட்டுப் பாய முடியாது. கண் திறந்ததிலிருந்து மனிதர் கையில் வளர்ந்த ஆந்தைக்கு மனிதரே தன் இனம். அது இணை தேடி மனிதரின் தோளுக்குத்தான் வரும். முட்டையிலிருந்து வெளிவந்ததும் முதலில் கண்ட உருவத்தையே தாயாகக் கொள்ளும் இந்த இயல்பை வாத்துக் குஞ்சுகளிடம் ஆராய்ந்த கொன்ராட் லொரென்ஸ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். பறவைகளில் இது பெரும்பாலும் திருத்த முடியாதது.

முழு ஆரோக்கியத்துடன் இருப்பவற்றிலும் சிக்கல் உண்டு. கடத்தலில் பிடிபட்ட நட்சத்திர ஆமைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் அவற்றின் பன்னாட்டு வணிகம் மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. ஆனாலும் பிடிபட்ட ஆமை எந்த நிலப்பகுதியில் பிடிக்கப்பட்டது என்று தெரியாமல், அடைத்து வைத்த இடத்தில் எந்தக் கிருமியைப் பெற்றது என்று சோதிக்காமல், கண்ட காட்டில் விட்டால், அங்கே ஏற்கெனவே வாழும் ஆமைகளுக்கு நோயையும் மரபணுக் கலப்பையும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களாவோம்.

ஏன் குட்டிகளே இல்லை? ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தானே இருக்கின்றன?

கருத்தடை செய்திருக்கிறோம். கூண்டில் வாழும் சிங்கம் இருபது ஆண்டுகள்வரை உயிர்வாழும். இங்கே பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் வெளியிலிருந்து மீட்கப்பட வேண்டிய இன்னொன்றின் இடத்தை அத்தனை ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்ளும், அதுவும் காட்டைக் காணாமலே சாகும். ஆண் சிங்கங்களுக்கு விதை நீக்கம் செய்தால் பிடரி மயிர் உதிர்ந்துவிடும் என்பதால், விந்துக் குழாயை மட்டும் துண்டிக்கும் முறையையே மருத்துவர்கள் பெரும்பாலும் கையாளுகிறார்கள்.

வேறோர் இடத்தில் புலிக்குட்டியை மடியில் வைத்துப் படம் எடுத்தோம். அதுவும் மீட்பு மையம் என்றுதான் பலகை வைத்திருந்தார்கள்.

பலகையில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எப்போது போனாலும் மடியில் வைக்கும் அளவில் குட்டிகள் இருக்கின்றன என்றால், அவை எங்கிருந்து வருகின்றன, வளர்ந்த பின் எங்கே போகின்றன? புலிக்குட்டியை அப்படித் தூக்கி வைத்திருக்க முடிவது சில மாதங்கள்தாம். அதற்காகப் பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும், அடுத்த ஈற்றையும் தயாராக வைத்திருக்க வேண்டும். அமெரிக்கா 2022 டிசம்பரில் இயற்றிய சட்டத்தின் மூலம், பெரிய பூனையினங்களைப் பொதுமக்கள் தொடுவதற்குத் தடை விதித்தது.

வெள்ளைப் புலிகளைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லும் இடங்களும் இதே வகைதான். வெள்ளைப் புலி தனி இனம் அன்று. ஒரு மரபணு மாற்றத்தால் வரும் நிறம். 1951இல் மத்திய இந்தியாவின் ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஆண் குட்டியின் வழித்தோன்றல்களே இன்று அடைப்புகளில் உள்ள பெரும்பாலான வெள்ளைப் புலிகள். நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் இணைசேர்த்ததன் விளைவாக அவற்றில் பலவகைப் பிறவிக் குறைகள் காணப்படுகின்றன. மாறுகண்ணும் அவற்றிடம் மிகுதி. அவற்றைப் பெருக்குவதால் காட்டுப் புலிக்கு ஒரு பயனும் இல்லை.

பிழைக்க வழியில்லாத விலங்கைக் கருணைக் கொலை செய்வீர்களா?

ஆம். தீராத வலியுடன், மருந்துக்கும் பணியாத நிலையில் இருக்கும் விலங்குக்கு அமைதியான முடிவைத் தருவதும் மருத்துவத்தின் ஒரு பகுதி. மருத்துவரும் பராமரிப்பாளரும் சேர்ந்து முடிவெடுப்பார்கள்; அது உணவு உண்கிறதா, தானாக நகர்கிறதா, முன்பு விரும்பியவற்றில் இன்னும் நாட்டம் காட்டுகிறதா என்று நாள்தோறும் எழுதி வைத்ததைப் பார்த்த பிறகே அந்த முடிவு எடுக்கப்படும். ஒரு விலங்கைக்கூட அப்படிச் செய்ததில்லை என்று பெருமையாகச் சொல்லும் இடத்தில், வலியுடன் கிடக்கும் விலங்குகளை யார் கவனிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கீழே விழுந்து கிடந்த குஞ்சை எடுத்து வந்தேன், வாங்கிக்கொள்வீர்களா?

எடுப்பதற்கு முன் தொலைபேசியில் கேட்டிருந்தால், பல நேரங்களில் எடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருப்போம். இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு, பறக்கப் பழகிக்கொண்டிருக்கிறது. தாய் அருகில்தான் இருக்கும். இறகே முளைக்காததாக இருந்தால், கூடு எட்டும் உயரத்தில் இருக்கும்போது அதிலேயே திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பறவைகளைப் பொறுத்தவரை உண்மையன்று. மான்குட்டி புல்லில் தனியே அசையாமல் படுத்திருப்பதும் அநாதையான நிலை அன்று. தாய் மேயப் போகும்போது அதை அப்படித்தான் மறைத்து வைத்துவிட்டுப் போகும். இரத்தம் வடிந்தாலோ, ஈக்கள் மொய்த்தாலோ, பூனை கவ்வியிருந்தாலோ மட்டும் தாமதிக்காமல் கொண்டுவாருங்கள். காற்றுத் துளைகள் இட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்துக் கொண்டுவந்தால் போதும். பாலோ நீரோ வாயில் ஊற்ற வேண்டாம்.

சந்தையில் கூண்டில் வாடிய கிளியைப் பார்க்கப் பொறுக்காமல் விலை கொடுத்து வாங்கிவிட்டேன். அதுவும் மீட்புதானே?

அந்த ஒரு கிளிக்கு நீங்கள் நன்மை செய்தீர்கள். அதை விற்றவர் அந்தப் பணத்தைக் கொண்டு மறுநாளே அதன் இடத்தில் இன்னொன்றை வைத்திருப்பார், விலை கொடுக்க ஆள் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டிருப்பார். நாங்கள் எந்த விலங்கையும் விலைக்கு வாங்குவதில்லை என்று முதல் பதிலில் சொன்னதற்கு இதுவே காரணம். அடுத்த முறை, இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வனத்துறைக்கோ காவல்துறைக்கோ தகவல் சொல்லுங்கள். கிளிகள் மொத்தமாகப் பறிமுதல் செய்யப்பட அதுவே வழி. வாங்கிய கிளியை வெளியே பறக்கவிட்டுவிடாதீர்கள். சிறகு நறுக்கப்பட்ட பறவை முதல் நாளே பூனைக்கு இரையாகும்.

இவ்வளவு காயப்பட்ட விலங்குகளை நாங்கள் வந்து வேடிக்கை பார்ப்பதே அவற்றுக்குத் தொல்லை இல்லையா? வராமல் பணம் மட்டும் அனுப்பினால் போதாதா?

போதும், அதைவிடச் சிறந்த உதவி அரிது. மனிதரைக் கண்டால் நடுங்கும் விலங்குகளைப் பார்வையாளர் பாதையில் நாங்கள் வைப்பதில்லை. பாதையோரம் இருப்பவையும் ஒளிந்துகொள்ளும் வசதியுடன்தான் இருக்கின்றன என்பதை முன்பே விளக்கினேன். வாரத்தில் ஒரு நாளாவது பூங்கா மூடியிருக்க வேண்டும், குழுக்கள் சிறியவையாக இருக்க வேண்டும் என்பதும் அவற்றின் நிம்மதிக்காகத்தான்.

எந்தப் பூங்காவுக்குப் போவதாக இருந்தாலும், பணம் அனுப்புவதாக இருந்தாலும், முன்கூட்டியே தொலைபேசியில் மூன்று செய்திகளைக் கேளுங்கள்: கடைசியாக வந்த விலங்கு எது; அதை யார் ஒப்படைத்தது; கடந்த ஆண்டு எத்தனை விலங்குகள் காட்டுக்குத் திரும்பின, எத்தனை இறந்தன. மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் எண்ணைச் சொல்லி, காரணத்தையும் சொல்லும் இடமாக இருந்தால் போங்கள்.